பூவிழி தேர்ந்தெடுத்த தீ

பூவிழி முதன்முதலில் எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்தபோது மொபெட்டை வலது கையால் மட்டும் ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா கண்ணாத்தாள், மகளின் இடது கையைத் துண்டால் சுற்றி, கொடி பிடிப்பதுபோல உயரத் தூக்கிப் பிடித்திருந்தார். துண்டு முழுக்க ரத்தம். மூன்று கிலோமீட்டர் அப்படியே வந்திருக்கிறார்கள்.

நான் கிராம சுகாதாரச் செவிலியர். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே நான்கு ஊர்கள் என் பொறுப்பு. அன்றைக்கு நிலையத்தில் இருந்ததால் டாக்டர் தையல் போடும்போது கையைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. கட்டைவிரலுக்குக் கீழே சதை பிளந்து கிடந்தது. கையில் பிடித்து இரும்பு அறுக்கும் கிரைண்டரில், சுழலும் டிஸ்க் வெடித்துத் தெறித்ததாம். ஊசி போட்டும் முழுதாக மரக்கவில்லை. அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

“எத்தனை எம்எம் ஆழம் சார்?”

டாக்டர் கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். “எட்டு இருக்கும். ஏம்மா?”

“டிஸ்க் மூணா உடைஞ்சுதுங்க. ரெண்டு துண்டு கீழ கிடந்துச்சு. ஒண்ணைக் காணோம். உள்ள இருக்குமோன்னுதான் கேட்டேன்.”

டாக்டர் மறுபடி கிளறிப் பார்த்தார். உள்ளே இல்லை. அந்த மூன்றாவது துண்டு பட்டறைத் தகரக் கூரையில் குத்தி நிற்பதை மறுநாள் கண்ணாத்தாள்தான் கண்டுபிடித்தார். எனக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். அரிவாள் வெட்டு, பாம்புக்கடி, எல்லாம் பார்த்திருக்கிறேன். ரத்தம் கொட்டும்போது உடைந்த துண்டுகளைக் கணக்குப் பார்த்துவிட்டுக் கிளம்பிவந்த ஆளை அன்றுதான் பார்த்தேன்.

கட்டுப் பிரித்துப் பார்க்க நான்கு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். தெருக் கோடியில் காங்கிரீட் வீடு. பின்னால் தகரம் போட்ட பட்டறை. சுவரோரம் ஆள் உயரத்துக்கு இரும்புச் சக்கரங்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. சேறடிக்கும்போது டிராக்டரின் பின் சக்கரத்தோடு மாட்டுவார்களே, அந்த கேஜ் வீல். வயலில் அவை சுற்றுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவற்றை யார் செய்கிறார்கள் என்று யோசித்ததே இல்லை.

“இதெல்லாம் நீங்களா செய்றீங்க?”

“ஆமாங்க சிஸ்டர். வளையம் மட்டும் வளைச்சு வாங்கிருவேன். பாக்கி எல்லாம் இங்கதான்.”

அந்தத் தெருவின் ஆட்கள் ஒரு தலைமுறைக்கு முன்புவரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். கண்ணாத்தாள் இன்றும் நடவுக்குப் போகிறார். பூவிழி பிளஸ் டூ முடித்துவிட்டுத் தஞ்சாவூரில் ஐடிஐ சேர்ந்தார். வெல்டர் பிரிவு. இருபது பேரில் ஒரே பெண். பிறகு துவாக்குடியில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம் கொதிகலன் பாகங்களுக்கு வெல்டிங். அப்பா இறந்தபின் ஊருக்கே வந்து, வீட்டுக்குப் பின்னால் பட்டறை போட்டுக்கொண்டார். கணவர் வீரமணி பெல்ட் வண்டி என்று இங்கே சொல்லும் அறுவடை இயந்திரத்தின் டிரைவர். வருடத்தில் பாதி நாள் வெளி மாவட்டம், கர்நாடகம் என்று வண்டியோடு போய்விடுவார்.

ஒரு ஜோடி சக்கரத்துக்கு முக்கோணமாக நாற்பத்தெட்டு இரும்புத் தகடுகள் வெட்ட வேண்டும். இத்தனை நாளும் அதை கிரைண்டரில் வெட்டிக்கொண்டிருந்தார்.

“இனிமே இதுல தகடு வெட்ட மாட்டேன் சிஸ்டர். கட்டர் வாங்கப் போறேன்” என்றார். “கேஸா, பிளாஸ்மாவா, அதுதான் முடிவு பண்ணணும்.”

பிளாஸ்மா என்றால் எனக்கு ரத்தத்தில் இருப்பதுதான் தெரியும். அதைச் சொன்னேன். கண்ணாத்தாளும் பூவிழியும் சேர்ந்து சிரித்தார்கள். அப்படித்தான் எனக்கும் அவருக்கும் நெருக்கம் வந்தது.

கேட்ட எல்லோரும் கேஸ் என்றார்கள். ஒரத்தநாட்டில் பட்டறை வைத்திருக்கும் உத்திராபதி அண்ணன், பூவிழிக்கு அவசரத்துக்குத் தகடு வெட்டிக் கொடுப்பவர், கைக்காயம் பற்றிக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தபோது அடித்துச் சொன்னார்.

“தங்கச்சி, ஆக்சிஜன் ஒண்ணு, கேஸ் ஒண்ணு, ஒரு டார்ச். முடிஞ்சுது. கரண்டு இருந்தா என்ன, போனா என்ன? எவ்வளவு தடிமன் ஆனாலும் வெட்டும். இருபத்திரண்டு வருஷமா அதைத்தான் கையில பிடிச்சிருக்கேன். பிளாஸ்மா எல்லாம் பெரிய கம்பெனிக்கு.”

போனில் வீரமணியும் அதையே சொன்னாராம். தஞ்சாவூர்க் கடைக்காரரும் அதையே.

பூவிழி மறுத்துப் பேசவில்லை. உத்திராபதி அண்ணனைப் பட்டறை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டைக் காட்டினார். அந்த வீட்டு வைக்கோல் போர் பட்டறையிலிருந்து பன்னிரண்டு தப்படி தூரத்தில் நின்றது.

“இது இங்கதான் இருக்கும்ணே. அவங்க மாடு, அவங்க இடம். நகர்த்தச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. ரெண்டு சிலிண்டரை இதுக்குப் பக்கத்துல வச்சுகிட்டு எனக்குத் தூக்கம் வராது.”

“பிளாஸ்மாவுல மட்டும் பொறி பறக்காதா?”

“பறக்கும். பொறிக்குத் தடுப்பு கட்டலாம். சிலிண்டருக்கு என்ன கட்டுறது?”

அண்ணன் வைக்கோல் போரைத் திரும்பிப் பார்த்தார். “அதுவும் சரிதான்” என்றார். ஆனால் முகத்தில் சம்மதம் இல்லை.

கூத்தாநல்லூரில் அப்சர் என்று ஒருவர் வளைகுடாவில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, வீட்டிலேயே பிளாஸ்மா வைத்து கேட், ஜன்னல் கம்பி செய்வதாக பூவிழி ஒரு வீடியோவில் பார்த்திருந்தார். எழுதிக் கேட்டதற்கு, வந்து பாருங்கள் என்று அவரும் பதில் போட்டிருந்தார். பூவிழிக்கு அப்போது கை முழுதாக ஆறவில்லை. என் அக்கா வீடு மன்னார்குடியில். அந்தச் சாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டரில் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதைப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

அப்சருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கார் நிறுத்தும் கொட்டகையைப் பட்டறையாக்கியிருந்தார். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எங்கள் இரண்டு பேரில் யார் வெல்டர் என்று கேட்டார். பூவிழி கையைத் தூக்கியதும் அவரும் உள்ளே போகாமல் அங்கேயே நின்றுகொண்டார்.

இயந்திரம் ஒரு சின்ன சூட்கேஸ் அளவுதான். அதிலிருந்து இரண்டு குழாய்; ஒன்றின் நுனியில் துப்பாக்கிபோல ஒரு பிடி, மற்றதன் நுனியில் இரும்பைக் கவ்வும் இடுக்கி. பக்கத்தில் காற்றடிக்கும் கம்ப்ரசர். அவ்வளவுதான்.

“கேஸ் எங்கங்க?” என்று நான் கேட்டேன்.

“கேஸே கிடையாதுக்கா. வெறும் காத்துதான். நாம மூச்சு விடுற காத்து” என்றார் அப்சர். “அதை அழுத்தி இந்தச் சின்ன ஓட்டை வழியா விடுறோம். கரண்டு அதுக்குள்ள பாயும்போது அந்தக் காத்தே தீயாயிடுது. சூரியன் மேல இருக்கிற சூட்டைவிட இது அதிகம்ங்கிறாங்க.”

முகத்தை மறைக்கும் ஷீல்டு ஒன்றை எனக்கும் கொடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடிக்குள் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. கண் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது. பிறகு ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். அந்த இருட்டின் நடுவில் நூல் அளவுக்கு ஒரு வெளிச்சம் நின்றது. பச்சையும் நீலமுமாக, ஆடாமல், அசையாமல். நெருப்பு என்றால் எனக்கு அடுப்பு, விளக்கு, போகிக் கொளுத்தல். எல்லாமே அலையும். இது அலையவில்லை. அந்த நூல் இரும்பின் மேல் நடந்தது. அது நடந்த வழியில் இரும்பு வழிவிட்டது. தகட்டுக்கு அடியில் மட்டும் பொறிகள் கொட்டின. ஒரு சாண் நீளத் தகடு இரண்டாகிக் கீழே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சை விட்டேன்.

அப்சர் அடுத்தடுத்து வைத்தார். எவர்சில்வர் மூடி. அலுமினியத் துண்டு. கடைசியாகப் பழைய தையல் மெஷினின் உடைந்த கால். “இது வார்ப்பிரும்பு. கேஸ்ல உருகி வழியுமே தவிர அறுபடாது. இதுல பாருங்க.” அறுபட்டது.

பிறகு பூவிழி டார்ச்சைக் கையில் வாங்கினார். கட்டுப் போட்ட இடது கையை அணைவாக வைத்து, ஒரு கோடு இழுத்தார். முடித்ததும் ஷீல்டைக் கழற்றிவிட்டு, வெட்டிய ஓரத்திலிருந்து நான்கு விரல் தள்ளிப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

“வலிக்குதா?” என்றேன்.

“இல்லீங்க சிஸ்டர். இங்க சூடே வரல. தகடு கொஞ்சம்கூடக் கோணல.”

அந்தக் கலக்கம் ஒரு நிமிடம்தான். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்சரிடம் திரும்பினார். “நல்லதெல்லாம் காட்டிட்டீங்க பாய். இதுக்கு என்னென்ன சீக்கு வரும், அதைச் சொல்லுங்க.”

அப்சர் சிரித்துவிட்டார். “கடைக்காரன்கிட்ட கேட்டா சொல்ல மாட்டான். நான் சொல்றேன். ஒண்ணு, கரண்டு குறைஞ்சா இது நின்னுடும். ரெண்டாவது, தடிமன். பத்து எம்எம் வரைக்கும் நல்லா வெட்டும், பன்னிரண்டு முக்கி முனகி வெட்டும். அதுக்கு மேல போனா கேஸ்தான், சந்தேகமே இல்ல. மூணாவதுதான் பெரிய தலைவலி. நம்ம ஊர் காத்துல தண்ணி அதிகம். அந்த ஈரம் உள்ள போச்சுன்னா நுனியில இருக்கிற இந்த நாசில் ஒரே நாள்ல அரிச்சுப் போயிரும்.”

பூவிழி ஒன்றையும் எழுதிக்கொள்ளவில்லை. திரும்பி வரும்போது மன்னார்குடி தாண்டியதும் என் தோளைத் தட்டி, “தண்ணி பிரச்சினையை நான் பார்த்துக்குவேன். கரண்டுதான் தெரியல” என்றார்.

அதைத் தெரிந்துகொள்ள அவர் செய்ததுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். அடுத்த வாரம் நான் போனபோது பட்டறைத் தகரக் கதவு முழுக்கச் சாக்பீஸில் எண்கள். காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை மணிக்கொரு முறை மீட்டரை வைத்து வீட்டு மின்சாரம் எவ்வளவு வருகிறது என்று பார்த்து எழுதியிருந்தார். அவர் வெளியே போனால் கண்ணாத்தாள் பார்த்து எழுதுவாராம். கண்ணாத்தாளுக்கு எழுத்து தெரியாது. மீட்டரில் தெரிந்த எண்களின் உருவத்தைப் பார்த்து அப்படியே வரைந்திருந்தார். அவர் எழுதியவை மட்டும் கொஞ்சம் பெரிதாக, சாய்ந்து நின்றன. ஒன்றுகூடத் தப்பில்லை என்றார் பூவிழி.

இப்படிப் பதினான்கு நாள். வயல்களில் மோட்டார் ஓடும் நேரத்தில் நூற்று எழுபது வோல்ட்டுக்கு இறங்கியது. காலை ஏழு முதல் பத்து வரையும், மதியம் இரண்டுக்கு மேலும் இருநூற்றுப் பத்துக்குக் குறையவில்லை.

“ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் கிடைக்குது. தகடு வெட்ட எனக்கு ரெண்டு மணி நேரம் போதும்” என்றார். அன்றே முடிவாகிவிட்டது. ஏப்ரலில் பிளாஸ்மா வீட்டுக்கு வந்தது. உத்திராபதி அண்ணன் வந்து பார்த்துவிட்டு, “நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் வாரமே மூன்று நாசில் போயிற்று. அப்சர் சொன்ன அதே ஈரம். வெளிச்சம் படபடவென்று துடித்துச் செத்தது. கண்ணாத்தாள் என்னிடம் தனியாகச் சொன்னார். “ராவெல்லாம் படுக்கையில கண்ணு முழிச்சுக் கிடக்குது நர்சம்மா. பேச மாட்டேங்குது.”

நான் என்னால் ஆன உதவியாக, மருந்து டப்பாக்களுக்குள் ஈரம் உறிஞ்சப் போட்டிருக்கும் சின்னச் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து ஒரு கவர் நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூவிழி அதைக் கையில் கொட்டிப் பார்த்துவிட்டு அப்படிச் சிரித்தார். “சரியான சாமான்தாங்க சிஸ்டர். ஆனா இது ஒரு கிலோ வேணும்.”

ஒரு கிலோ வாங்கினார். அதோடு நிற்கவில்லை. பழைய செம்புக் குழாயைச் சுருளாக வளைத்து, போர்வெல் தண்ணீர் நிரப்பிய சிமெண்டுத் தொட்டிக்குள் இறக்கினார். கம்ப்ரசரிலிருந்து சூடாக வரும் காற்று அந்தச் சுருள் வழியே குளிர்ந்து போகும். ஈரம் தண்ணீராகி அடியில் ஒரு குழாயில் சேரும். அதைத் திறந்துவிட்டால் போதும். முதல் நாள் திறந்து காட்டினார். வெறும் காற்றிலிருந்து அரை டம்ளர் தண்ணீர் வந்தது. கண்ணாத்தாள் அந்த டம்ளரை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “காத்துக்குள்ளயா இது இருந்துச்சு?” என்று இரண்டு தரம் கேட்டார். அதன் பிறகு நாசில் மாதத்துக்கு ஒன்றுதான்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி மேட்டூர் திறந்தார்கள். கல்லணைக்குத் தண்ணீர் வந்து, புதுஆற்றில் விட்டு, எங்கள் பக்கத்துக் கிளை வாய்க்காலுக்கு வர இன்னும் இரண்டு மூன்று நாள் என்ற நிலையில், வாய்க்கால் தொடங்கும் மதகில் ஷட்டர் திறக்கவில்லை. பழைய வார்ப்பிரும்புப் பலகை. இரண்டு பக்கமும் சுவரில் பதித்த காடிக்குள் துருப்பிடித்து இறுகி, தூக்கும் திருகும் வளைந்துவிட்டது. அதற்குக் கீழே முந்நூறு ஏக்கருக்கு மேல். நாற்றங்கால் தயார். போர் இல்லாதவர்கள்தான் அதில் அதிகம்.

புதன்கிழமை. தடுப்பூசி போட்டுவிட்டு நான் அந்த வழியாக வந்தபோது கரையில் கூட்டம். உத்திராபதி அண்ணன் சிலிண்டர்களை வேனில் கொண்டுவந்து வேலையைத் தொடங்கியிருந்தார். டார்ச்சின் தீ சீறியது. இரும்பு சிவந்தது, வழிந்தது, ஆனால் பிரியவில்லை. வழிந்தது அங்கேயே மறுபடி ஒட்டிக்கொண்டது. ஒரு மணி நேரம் போராடிவிட்டு அண்ணன் தீயை அணைத்தார்.

“வார்ப்புங்க. கேஸ் இதுல ஏறாது” என்றார் லஸ்கர் சாமிதுரையிடம். வாய்க்கால்களுக்குத் தண்ணீர் திறந்து அடைக்கும் அரசு ஊழியரை இங்கே லஸ்கர் என்றுதான் சொல்வார்கள்.

“சம்மட்டியால அடிச்சு உடைச்சிட்டா?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“உடைக்கலாம். பலகையோட சுவரும் போகும். பழைய செங்கல் கட்டு. சுவர் விட்டுச்சுன்னா கரையே போயிரும். பலகை போனா போகட்டும், சுவத்துல கை வைக்காதன்னு இன்ஜினீயர் போன்ல சொல்லிட்டாரு” என்றார் சாமிதுரை.

உத்திராபதி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அதைச் சொல்வது சுலபமாக இருந்திருக்காது. “பூவிழியக் கூப்பிடுங்க. அந்தப் புள்ளகிட்ட இருக்கிறது இதை அறுக்கும்.”

சாமிதுரை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பூவிழியின் தெருவுக்குப் போனார். தண்ணீர் விஷயமாக அந்தத் தெருவுக்கு ஒரு லஸ்கர் வந்து வாசலில் நின்று கேட்டது அதுதான் முதல் தடவை என்று கண்ணாத்தாள் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

பந்தல் போடுகிறவரிடமிருந்து ஜெனரேட்டர் வந்தது. டிரெய்லரில் கம்ப்ரசர், தொட்டி, செம்புச் சுருள் எல்லாம் வந்து இறங்கின. பூவிழி வாய்க்காலுக்குள் இறங்கிப் பலகையைச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். தடிமனை அளந்தார். பலகை பத்து எம்எம். குறுக்கே ஓடிய நான்கு சட்டங்கள் மட்டும் இருபதுக்கு மேல்.

“சட்டத்தை கிரைண்டர்ல இறக்கிட்டுத்தான் அறுக்கணும்” என்றார்.

நான் அவருடைய இடது கையைப் பார்த்தேன். அதில் என் கண்முன்னால் போட்ட தையலின் தழும்பு. அவர் கிரைண்டரை எடுத்தார், மூடி சரியாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்தார், புது டிஸ்க்கை விரலால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு ஒரு தயக்கமும் இல்லாமல் சட்டத்தில் வைத்தார். நான்கு சட்டங்களையும் இரண்டு ஓரங்களிலும் தேய்த்து இறக்கி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

மதியம் ஒன்றரைக்கு பிளாஸ்மாவை ஆரம்பித்தார். காடியிலிருந்து இரண்டு விரல் தள்ளி, மேலிருந்து கீழாக ஒரு கோடு. கரையில் நின்றவர்களை எல்லாம் சாமிதுரை அந்தப் பக்கம் திரும்பச் சொன்னார். பூவிழியின் இன்னொரு ஷீல்டு என்னிடம் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு நான் பார்த்தேன்.

வெட்டவெளியில், உச்சி வெயிலில், அந்த ஷீல்டுக்குள் மட்டும் கும்மிருட்டு. வயல் இல்லை, கரை இல்லை, கூட்டம் இல்லை. அந்தப் பச்சை நூல் மட்டும் இருந்தது. கூத்தாநல்லூரில் பார்த்ததுபோல அது விரைந்து நடக்கவில்லை. மெதுவாக, ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை என்று இறங்கியது. துருவேறி இறுகிக் கிடந்த இரும்பு, அதன் முன்னால் திறந்துகொண்டே போனது. என்னையறியாமல் கையைக் கூப்பிக்கொண்டிருந்தேன் என்று கண்ணாத்தாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பாதியில் வெளிச்சம் துடித்தது. நிறுத்தினார். தொட்டியில் தண்ணீர் சூடேறியிருந்தது. கரையில் நின்ற பெண்கள் யாரும் சொல்லாமலே குடத்தோடு ஓடினார்கள். பக்கத்து போரிலிருந்து குளிர்ந்த தண்ணீர் வந்து தொட்டியில் விழுந்தது. நாசிலை மாற்றிக்கொண்டு மறுபடி தொடங்கினார். இரண்டாவது கோட்டின் அடியில் வாய்க்கால் தரையோடு படுத்துக்கொண்டுதான் அறுக்க முடிந்தது. உத்திராபதி அண்ணன் பூவிழியின் தலையில் பொறி படாமல் ஈரச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணனுடைய முழங்கையில் இரண்டு இடத்தில் சுட்டது. அசையவில்லை.

நாலரை மணிக்குப் பூவிழி ஷீல்டைத் தூக்கினார். “செயினைப் போடுங்க” என்றார்.

பாரம் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டி இழுத்தார்கள். பலகை ஒரு முனகலோடு அசைந்து, மேலே வந்தது. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. காடிகள் முழுசாக அப்படியே நின்றதால் அதிலேயே மரப்பலகைகளைச் சொருகித் தண்ணீரை அடைக்கலாம், திறக்கலாம் என்று சாமிதுரை சந்தோஷத்தில் சத்தம் போட்டார். யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் வாய்க்காலுக்குள் இறங்கி, அறுபட்ட ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அளவுகோல் வைத்து இழுத்ததுபோல நேராக இருந்தது.

பூவிழி கரையில் உட்கார்ந்து சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். உத்திராபதி அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“இதை நான் வேணாம்னு சொன்னேன் தங்கச்சி.”

“நீங்க சொன்னதும் சரிதான்ணே. சட்டம் மாதிரி தடிமனா இருந்த இடத்துல இது ஏறலயே. பாத்தீங்கல்ல.”

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தண்ணீர் வந்தது. பார்க்கப் போயிருந்தேன். பாய்ந்து வரும் என்று நினைத்தேன். அப்படி வரவில்லை. காய்ந்து வெடித்த வாய்க்கால் தரையில் ஒவ்வொரு வெடிப்பாக நிரப்பிக்கொண்டு, முன்னால் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு நடை வேகத்தில் வந்தது. திறந்து கிடந்த மதகு வழியாக அது நுழைந்தது. கண்ணாத்தாள் அதன் கூடவே கரையில் நடந்தார். தண்ணீர் நின்றால் நின்றார், நகர்ந்தால் நகர்ந்தார். அப்படியே ஒரு கிலோமீட்டர் போனார். பூவிழி வரவில்லை. அவருக்கு அன்றைக்கு இரண்டு ஜோடி சக்கரம் கொடுக்க வேண்டியிருந்தது. தண்ணீர் வந்தால் சேறடிப்பும் வந்துவிடுமே.

அந்த வருடக் குறுவை நல்லபடியாகவே விளைந்தது. மதகுக்குப் புது ஷட்டர் பிற்பாடு வந்தது. அந்த வேலை வெளியூர் ஒப்பந்தக்காரருக்குப் போயிற்று. பூவிழிக்கு அதில் வருத்தம் உண்டு, சொல்லிக்கொள்ள மாட்டார். அடுத்த வருடம் அவர் கேஸ் செட்டும் வாங்கினார். வீட்டில் வைக்கவில்லை. உத்திராபதி அண்ணன் பட்டறையிலேயே ஒரு மூலை கேட்டு வாங்கி, தடிமனான வேலைகளை அங்கே போய்ச் செய்கிறார். அண்ணன் தன்னிடம் வரும் எவர்சில்வர் வேலைகளை இவருக்கு அனுப்பிவிடுகிறார்.

மதகை அறுத்த அந்த வருடம் வீரமணி கர்நாடகத்திலிருந்து ஆடி மாதம்தான் வந்தார். நான் அன்று ஒரு கர்ப்பிணியைப் பார்த்துவிட்டு அந்தத் தெருவழியே வந்தேன். பட்டறையில் கணவருக்கு ஷீல்டை மாட்டிவிட்டு, ஒரு தகட்டை அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தார் பூவிழி. முடிந்ததும் வீரமணி ஷீல்டைக் கழற்றினார். குனிந்து, கீழே கிடந்த துண்டைப் பார்த்தார்.

“கேஸ் வாங்குன்னு நான்தானே சொன்னேன்?”

“ஆமா.”

“நீ ஏன் கேக்கல?”

“கேட்டேனே. எல்லாரையும் கேட்டேன். அப்பறம் நானே போய்ப் பார்த்தேன்.”

வீரமணி தலையை ஆட்டினார். ஷீல்டை மறுபடி மாட்டிக்கொண்டு, “இன்னொரு தரம் அறு” என்றார்.